மாதாமாதம் வரும் சிறு தொகை ஒரு கிராமத்துக் குடும்பத்தை எப்படி நிமிர்த்துகிறது?

கேள்வி இதுதான்: நிலமும் சேமிப்பும் குறைவாக உள்ள ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு அரசோ தொண்டு நிறுவனமோ மாதாமாதம் சிறு தொகை கொடுத்தால், அது சாப்பாட்டிலேயே கரைந்துபோகாதா? அதிலிருந்து தொழிலும் வருமானமும் எப்படி உருவாகும்?

பெரும்பகுதி சாப்பாட்டுக்குத்தான் போகும். அதில் தவறே இல்லை. தொழில் முளைப்பதும் அந்தச் சாப்பாட்டிலிருந்துதான். மழையை நம்பிப் பயிர் வைக்கும் குடும்பங்களுக்கு விதைப்புக்குச் சற்று முன்னால் தொடங்கி அறுவடை வரையிலான மாதங்கள்தான் மிகவும் நெருக்கடியானவை. போன அறுவடையின் தானியம் தீர்ந்திருக்கும். சந்தையில் விலை உச்சத்தில் இருக்கும். வயலில் வேலை அதிகமாக இருப்பதும் அதே மாதங்களில்தான். அன்றன்றைய உலைக்கு அன்றன்றே காசு வேண்டும் என்பதால் வீட்டிலுள்ளவர்கள் அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள். சொந்த நிலத்தில் விதைப்பு பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகிறது. மக்காச்சோளம் போன்ற பயிர்களில் முளைத்த 3ஆம் வாரத்திலிருந்து 6ஆம் வாரம் வரை களை தலையெடுக்கவே கூடாது. அந்த வாரங்களில் பார்த்துக் களையெடுக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. விளைச்சல் குறைகிறது, அடுத்த ஆண்டு தானியம் இன்னும் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. உழைப்புக்கு அஞ்சாத குடும்பம்தான். தன் உழைப்பைத் தன் நிலத்தில், வேண்டிய வாரத்தில் போட முடியவில்லை, அவ்வளவுதான். மாதத் தொகை முதலில் அவிழ்ப்பது இந்த முடிச்சை.

மலாவியில் இந்தத் தினக்கூலி வேலைக்கு ‘கன்யு’ என்று பெயர். அங்கே 2006இல் ம்சின்ஜி மாவட்டத்தில் தொடங்கிய ரொக்க உதவித் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், கன்யுவுக்குப் போவது குறைந்து சொந்த நிலத்தில் உழைக்கும் நேரம் கூடியதைக் கண்டார்கள். கூலி வேலைக் கணக்கை மட்டும் பார்ப்பவர் ‘பணம் வந்ததும் சோம்பேறி ஆகிவிட்டார்கள்’ என்று சொல்லிவிடுவார். இந்தத் திட்டங்கள் மீது மிக அதிகமாகச் சுமத்தப்படும் பழி இது. உழைப்பு இடம் மாறியதைப் பார்க்காததால் வரும் பழி. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் மாவட்டத்தில் 2011இல் பெண் தொழிலாளர் சங்கமான ‘சேவா’ 8 கிராமங்களில் நடத்திய சோதனையிலும் இதே நகர்வு தெரிந்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய். ஓராண்டுக்குப் பின் 300, 150 ஆனது. இவ்வளவு சிறிய தொகையிலேயே பலர் கூலியிலிருந்து சொந்த விவசாயத்துக்கும் சொந்தத் தொழிலுக்கும் நகர்ந்தார்கள்.

இன்னும் துலக்கமான சான்று ஜாம்பியாவிலிருந்து வருகிறது. அங்கே 2010இல் கலாபோ, கபுட்டா, ஷாங்கோம்போ என்ற மூன்று பின்தங்கிய மாவட்டங்களில், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்களுக்கு உதவித்தொகை தொடங்கினார்கள். நிபந்தனை எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுத்தார்கள். 2 ஆண்டுகளில் கால்நடை வைத்திருக்கும் குடும்பங்களின் பங்கு 21 சதவீதப் புள்ளிகள் அளவுக்கு உயர்ந்தது. பயிரிட்ட நிலம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. விதை, உரம், மண்வெட்டி, கோடாரி வாங்குவது அதிகரித்தது. குழந்தைகளுக்காகக் கொடுத்த பணம் குழந்தைகளையும் எட்டியது, நிலத்தையும் எட்டியது. குடும்பங்களின் செலவு கூடிய அளவு அவர்கள் பெற்ற தொகையையே தாண்டியிருந்தது. கொடுத்த பணம் இடையில் எங்கோ வருமானமாகப் பெருகாமல் இது நடக்காது.

அடுத்து கடன். முதலீட்டைப் பற்றிப் பேசும்போது ஆடு, கோழி, தையல் இயந்திரம் என்றுதான் பலருக்கும் நினைவு ஓடும். ஆனால் அதிக வட்டிக் கடன் உள்ள வீட்டில் முதல் முதலீடு கடனை அடைப்பதுதான். நூற்றுக்கு மாதம் 5 வட்டி என்றால் ஆண்டுக்கு 60. எந்த ஆடும் இவ்வளவு நிச்சயமாக ஈட்டித் தராது. 10 மாத உதவித்தொகைக்குச் சமமான கடன் இந்த வட்டியில் இருந்தால், மாதாமாதம் வரும் தொகையில் சரிபாதி வட்டிக்கே போய்விடும். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு. உழைப்பையோ விளைச்சலையோ பிணையாக வைத்திருக்கும் கடன் முதலில் போக வேண்டும்: ‘களையெடுப்புக்கு வந்து உழைத்துக் கழித்துவிடு’ என்று வாங்கிய முன்பணம், நிற்கும் பயிரைக் காட்டி வாங்கிய பணம் போன்றவை. வட்டி குறைவாகத் தோன்றினாலும் இவைதான் குடும்பத்தின் கையைக் கட்டிப்போடுகின்றன. பிறகு அதிக வட்டிக் கடன். உறவினரிடம் வட்டியில்லாமல் வாங்கியது கடைசியில். ஆனால் அதையும் மறக்காமல், சிறிது சிறிதாகவேனும் திருப்ப வேண்டும். அடுத்த நெருக்கடியில் கதவைத் திறக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அறுவடைக்குப் பின்னும் இந்தத் தொகை ஒரு வேலை செய்கிறது. கடனும் கைச்செலவும் நெருக்கும் வீட்டில் தானியம் களத்திலேயே விற்றுப்போகிறது. எல்லோரும் விற்கும் நேரம் என்பதால் விலை அடிமட்டத்தில் இருக்கும். நான்கைந்து மாதம் கழித்து அதே வீடு அதே தானியத்தை உயர்ந்த விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறது. மாதச் செலவுக்கு வேறு பணம் இருந்தால், குறைந்தது சாப்பாட்டுக்கு வேண்டியதையாவது விற்காமல் வைக்கலாம். வைப்பதற்குக் காய்ச்சல் முக்கியம். மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் உப்பை வைத்து ஓரளவு பார்க்கலாம்: ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி தானியமும் ஒரு தேக்கரண்டி நன்கு உலர்ந்த உப்பும் போட்டுச் சில நிமிடம் குலுக்கி, கால்மணி நேரம் விட வேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் தானியம் இன்னும் காயவில்லை. காய்ந்த தானியத்தைக் காற்றுப் புகாத பையில் இறுகக் கட்டிவைத்தால் உள்ளே இருக்கும் வண்டு மூச்சுமுட்டிச் செத்துவிடும். பையில் எலி ஒரு சிறு ஓட்டை போட்டாலும், ‘எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று அடிக்கடி திறந்தாலும் அத்தனையும் வீண்.

இனி, சிறு தொகை எப்படிப் பெருந்தொகை ஆகிறது என்ற கேள்விக்கு வரலாம். மெக்சிகோவில் 1997இல் தாய்மார்களிடம் பணம் கொடுக்கத் தொடங்கிய புரோகிரெசா திட்டத்தில், கிராமத்துக் குடும்பங்கள் ஒவ்வொரு பெசோவிலும் 74 காசை நுகர்வுக்குச் செலவிட்டு, மீதி 26 காசை முதலீடாக்கின என்று பின்னாளைய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டையாட்டின் விலை மூன்று மாதத் தொகை என்றால், மாதம் 26 விழுக்காடு ஒதுக்கும் வீட்டுக்கு அது கைக்கு வர ஏறத்தாழ 12 மாதம் ஆகும். வீட்டுப் பெட்டியில் 12 மாதம் காசு நிற்காது. காய்ச்சல் வரும், கூரை ஒழுகும், கேட்டு வரும் உறவுக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

சேமிப்புக் குழுக்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. 12 பேர் சேர்ந்து மாதாமாதம் ஆளுக்கு ஒரே அளவு போட்டு, மொத்தத்தை ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் சுழல் சீட்டு ஒரு வகை. சராசரியாகப் பார்த்தால், தனியாகச் சேர்ப்பவரைவிட ஐந்தாறு மாதம் முன்னதாகவே ஆடு வீட்டுக்கு வந்துவிடும். முறை கடைசியில் வருபவருக்குத்தான் ஆபத்து. முன்னால் எடுத்தவர் கட்டாமல் நின்றுவிட்டால் நட்டம் அவருக்கு. எல்லோருக்கும் உதவித்தொகை ஒரே நாளில் வருமானால், அன்றே கூடிக் கட்டிவிட்டுப் பிரிவது என்ற ஒரே விதி பாதி தகராறைத் தீர்த்துவிடும். இன்னொரு வகையில் 15 முதல் 25 பேர் சேர்ந்து மூன்று பூட்டுப் பெட்டியில் சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, ஓராண்டு முடிவில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். பங்கு பிரிக்கும் மாதம் விதைப்புக்கு ஒரு மாதம் முன்னதாக அமையும்படி குழுவைத் தொடங்க வேண்டும். அறுவடை முடிந்த கையோடு பிரித்தால் விதைக்கும் உரத்துக்கும் அந்தப் பணம் மிஞ்சாது.

கென்யாவில் 2018இல் தொடங்கிய பெரிய சோதனை ஒன்று இதை நன்றாகக் காட்டியது. சில கிராமங்களுக்கு 12 ஆண்டுகள் மாதாமாதம், சில கிராமங்களுக்கு 2 ஆண்டுகள் மட்டும் மாதாமாதம், சில கிராமங்களுக்கு மொத்தமாக ஒரே தடவை என்று பணம் போனது. 2 ஆண்டு மாதத் தொகை பெற்றவர்களைவிட, மொத்தமாகப் பெற்றவர்களும் 12 ஆண்டு வாக்குறுதி பெற்றவர்களும் தொழிலில் அதிகம் இறங்கினார்கள். 2 ஆண்டு குழுவுக்கும் 12 ஆண்டு குழுவுக்கும் அதுவரை கையில் வந்த தொகை ஒன்றுதான். ஆனாலும் நீண்ட நாள் வரும் என்ற உறுதி இருந்தவர்கள் சுழல் சீட்டில் சேர்ந்து தாங்களே மொத்தப் பணத்தை உருவாக்கிக்கொண்டார்கள். வரப்போகிறது என்ற நம்பிக்கையும் முதலாகிறது. முன்னதாகக் கென்யாவிலேயே நடந்த வேறோர் ஆய்வு, மாதாமாதம் பெற்றவர்களுக்குச் சாப்பாட்டுப் பாதுகாப்பு கூடியதையும், மொத்தமாகப் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நிலையான பொருட்கள் வாங்கியதையும் கண்டிருந்தது. பசியுள்ள வீட்டுக்கு மாதத் தொகை நல்லது. பசி ஓரளவு தீர்ந்து, கையில் திறமையும் எதிரே சந்தையும் இருக்கும் வீட்டுக்கு இடையில் ஒருமுறை மொத்தத் தொகை கிடைத்தால் வேகம் கூடும். இரண்டையும் கலந்து கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

எதில் போடுவது? கோழியில் தொடங்குவது எளிது, இழப்பதும் எளிது. நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 10, 12 முட்டை இட்டு அடைகாக்கும். 21 நாளில் குஞ்சு பொரியும். முதல் ஆறேழு வாரத்தில்தான் பருந்து, பூனை, குளிர் எல்லாம் குஞ்சுகளைக் கொண்டுபோகின்றன. அந்த வாரங்களில் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்துத் தீனியும் தண்ணீரும் உள்ளேயே கொடுத்தால் பாதிக்கு மேல் பிழைக்கும். இதையெல்லாம் மிஞ்சிய எமன் வெள்ளைக்கழிச்சல். ஒரே வாரத்தில் ஊர்க்கோழி முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். தடுப்பு மருந்து மலிவானது, கண்ணில் ஒரு சொட்டு. ஆனால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் மருந்து இருக்கும், கலக்கியபின் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆறு கோழி உள்ள வீடு தனியாக அதை வாங்காது. தெருவே சேர்ந்து, உதவித்தொகை வரும் வாரத்தில் பங்கு போட்டு வாங்கி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரே காலையில் எல்லாக் கோழிகளுக்கும் போட வேண்டும். விடியுமுன், கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

நோயை அலட்சியப்படுத்தினால் எவ்வளவு நல்ல திட்டமும் சரியும். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் மிக வறிய குடும்பங்களுக்குக் கால்நடையும், சில காலம் செலவுத் தொகையும், பயிற்சியும், வீடு தேடி வரும் வழிகாட்டுதலும் சேர்த்துக் கொடுத்த திட்டத்தின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. வங்கதேசத்தின் ‘பிராக்’ தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய முறை அது. பொதுவாக நல்ல பலன். ஹோண்டுராஸில் மட்டும் பலர் கோழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நோய் வந்து பெரும்பாலானவை செத்துப்போக, சொத்தும் போயிற்று.

ஆடு மெதுவானது, கொஞ்சம் உறுதியானது. சினைக்காலம் 150 நாள். வாங்கியவுடன் சினைப்பட்டாலும் 5 மாதம், குட்டி விற்பனைக்கு வர மேலும் எட்டு ஒன்பது மாதம். முதல் காசைப் பார்க்க ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த ஓராண்டில் ஒரு நெருக்கடி வந்தால் தாயாட்டையே விற்றுவிடுவார்கள். மாதத் தொகை ஆட்டை வாங்கித் தருவதைவிட, வாங்கிய ஆட்டை விற்காமல் காப்பாற்றுவதில்தான் பெரிய வேலை செய்கிறது. ஒருமுறை குட்டி போட்ட, நான்கு பல் ஆட்டை, கண்ணுக்குத் தெரிந்த மந்தையிலிருந்து வாங்குவது நல்லது. இரண்டு காம்பிலும் பால் வருகிறதா என்று பீய்ச்சிப் பார்க்க வேண்டும். சந்தையில் வாங்கினால் இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் பெரும்பாலும் புது ஆட்டோடுதான் ஊருக்குள் வருகிறது. அதற்கான தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு காக்கும். மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்க மருந்து. ஈரத்தில் படுக்காதபடி மூங்கில் பிளாச்சுப் பரண். கிடாக்குட்டியை விற்று, பெட்டைக்குட்டியை வைத்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் நான்கைந்து தாயாடு சேரும். மேய்க்கப்போவது யார் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மேய்க்கப் போனால் அந்த ஆடு வந்தது நட்டம்தான்.

மதுவுக்கும் புகையிலைக்கும் பணம் போய்விடும் என்ற அச்சத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. உலக வங்கியில் 2014இல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தச் செலவு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பணம் பெண்ணின் கைக்குப் போவது பெரும்பாலும் நல்லது. ஆனால் கணக்கு அவர் பெயரிலும் அட்டையும் ரகசிய எண்ணும் வேறொருவர் கையிலும் இருந்தால் பெயர் மாற்றியதில் பயனில்லை.

திட்டத்தை நடத்துபவர்கள் பக்கத்தில் என்ன தவறுகிறது என்றால், முதலில் தேதி. கானாவில் வறிய குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும் ‘லீப்’ திட்டம் 2008இல் தொடங்கியது. 2010 முதல் 2012 வரை நடந்த ஆய்வுக் காலத்தில் பணம் முறையாக வரவில்லை. பல மாதம் வராமல் நின்று, பிறகு நிலுவை சேர்த்து வந்தது. குடும்பங்களின் நுகர்வில் மாற்றமே தெரியவில்லை. எப்போது வரும் என்று தெரியாத பணத்தை நம்பி யாரும் உலை வைக்க மாட்டார்கள். ஆனாலும் வந்தபோது கடனை அடைத்தார்கள், சேமித்தார்கள், உறவினருக்குக் கொடுத்து உதவினார்கள். வறுமையால் ஒதுங்கியிருந்தவர்கள் கொடுக்கல் வாங்கலுக்குள் மீண்டும் வந்தது சிறிய விஷயமில்லை. இருந்தும், தேதி தவறாதிருந்தால் கிடைத்திருக்கும் பலனில் இது ஒரு பகுதிதான்.

அடுத்தது அளவு. குடும்பத்தின் மொத்த நுகர்வில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும் தொகைகள்தான் பல முனைகளிலும் பலன் தருகின்றன என்பது ஆப்பிரிக்கத் திட்டங்களை ஒப்பிட்டதில் தெரிந்தது. அதைவிடக் குறைந்தால் மூச்சு விட உதவும், நிமிர உதவாது. சரியான அளவில் தொடங்கினாலும் விலைவாசி அதைத் தின்னும். ஆண்டுக்கு 8 விழுக்காடு விலை ஏறினால், உயர்த்தாமல் விட்ட தொகையின் மதிப்பில் ஐந்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆண்டுதோறும் விலைக்கேற்பத் தானாக உயரும் விதியைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காத திட்டம், அறிவிக்காமலே தொகையைக் குறைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

பணத்தை வாங்கும் இடத்திலும் கசிகிறது. போய்வர ஒரு நாள் கூலி இழப்பு, அன்று சிக்னல் இல்லை, தேய்ந்த விரல்களின் ரேகை கருவியில் பதியவில்லை, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம். ஒவ்வொன்றும் சிறிதுதான், ஆனால் விழுவது அந்த 26 காசின் மேல். சாப்பாட்டுச் செலவைச் சுருக்க முடியாத வீட்டில் எந்தப் பிடித்தமும் முதலீட்டுப் பங்கிலிருந்துதான் போகும். ரேகை பதியாதவருக்கு மாற்று வழி, பிடித்தமில்லாத கணக்கு, மாதத்தில் நிலையான ஒரு நாள், தாமதமானால் முன்கூட்டியே தகவல் என்ற நான்கையும் திட்டத்தின் உயிர்நாடியாக நடத்த வேண்டும்.

தொகை நிற்கப்போகும் தேதி தெரிந்த குடும்பம் கடைசி ஆண்டை வேறு மாதிரி நடத்த வேண்டும். நிற்பதற்கு 14 மாதத்துக்குள் வாங்கும் பெட்டையாடு, தொகை இருக்கும்போதே காசு தராது. அந்தக் காலத்தில் புது ஆடு வாங்குவதைவிடக் கடனைச் சுழியாக்குவது, இருக்கும் ஆடுகளுக்குத் தடுப்பூசி, அடுத்த விதைப்புக்கான விதையையும் உரத்தையும் முன்னதாக வாங்கிவைப்பது ஆகியவை முதலில் வர வேண்டும். சுழல் சீட்டில் இருப்பவர்கள் எல்லோருடைய முறையும் கடைசித் தொகை வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடியும்படி சுற்றைத் திட்டமிட வேண்டும். நடுவில் தொகை நின்றால் பாக்கி விழுவது முறை வராதவர்கள் தலையில்தான். பெரும்பாலும் குழுவிலேயே மிக ஏழைகள்தான் அப்படிக் கடைசி முறைக்கு ஒதுக்கப்பட்டிருப்பார்கள்.